தூங்குகிற செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கதை

ஓசூரிலிருந்து:
ஊட்டியில் பூக்கும் ஜெரேனியத்தின் பங்காளிதானே என்று பெலார்கோனியம் கார்னோசம் என்ற செடி ஒன்றை வாங்கினேன். விரல் தடிமனில் முண்டும் முடிச்சுமாகத் தண்டு, கேரட் தழை போல இலை. ஏப்ரலில் அத்தனை இலையும் பழுத்துக் கொட்டியது. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். பத்தாம் நாள் அடித்தண்டை அழுத்தினால் கனிந்த வாழைப்பழம் மாதிரி அமுங்குகிறது, நாற்றம் வேறு.

அப்புறம்தான் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் நமாக்வாலாந்து போன்ற அதன் சொந்த நிலத்தில் மழை குளிர்காலத்தில்தான். கோடையில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். நம் ஊரில் அது தூங்கும் நேரத்தில்தான் கோடைமழையும் தென்மேற்குப் பருவமழையும் வருகின்றன!

அழுகலை வெட்டினேன். வெட்டுவாயில் பழுப்புப் புள்ளி தெரிந்தவரை மேலே மேலே வெட்டியதில் நாலு அங்குலம் தேறியது. அதை நிழலில் காயப்போட்டு, காய்ந்த மணலில் சும்மா செருகி வைத்திருக்கிறேன். பிழைக்குமா?

பெங்களூரிலிருந்து:
பிழைக்கும், அக்டோபர் வரை தொடாதீர்கள். எனக்கு அழுகல் இல்லை, வேறு தொல்லை. பெலார்கோனியத்திலேயே எக்கினேட்டம் என்ற இனம் வைத்திருக்கிறேன், தண்டெல்லாம் முள் மாதிரி இருக்கும். வடக்குப் பார்த்த பால்கனியில் வெளிச்சம் போதாமல் பென்சில் போல நீண்டு சாய்ந்துவிட்டது. நீண்ட தண்டு மறுபடி குண்டாகாது. துளிர்விடும் பருவத்தில் வெட்டிவிட்டு வெயிலுக்கு மாற்றினேன், பக்கக் கிளைகள் கட்டையாக வந்தன. இன்னொன்று, நர்சரியிலிருந்து வந்த கோகோபீட்டை (தென்னை நார்த்தூள்) முழுக்க உதறிவிடுங்கள். அது நனைந்தால் லேசில் காயாது. என் கலவையில் முக்கால் பங்கு பியூமிஸ் என்ற நுரைக்கல்லும் சல்லியும்தான்.

பெர்த்திலிருந்து:
இங்கே ஆஸ்திரேலியாவில் ஜூலைதான் குளிர்காலம், எங்கள் ஊரில் மழையும் அப்போதுதான், அதனால் அழுகல் பயம் குறைவு. ஆனால் என் பெலார்கோனியம் ஆல்டர்னன்ஸ் ஜூலையில், நன்றாக வளர வேண்டிய நேரத்தில், மஞ்சளாகி நின்றது. தொட்டியைக் கவிழ்த்தால் வேரெல்லாம் கோதுமை மாவு தூவியது போல மாவுப்பூச்சி. மண்ணைக் கழுவி, வேரை வெட்டி, புதுக் கலவையில் நட்டேன். இந்த இனத்தில் பழைய இலைக்காம்புகள் உதிராமல் தண்டிலேயே நிற்கும், பூச்சிக்கு அந்த இடுக்குதான் வீடு. ஸ்பிரிட் தொட்ட பஞ்சோடு அங்கேயும் பாருங்கள்.

மறுபடி ஓசூர்:
நவம்பர் முதல் வாரம். நாலு அங்குலத் துண்டில் கடுகளவு பச்சை. சரி, இப்போது ஊற்றலாம்தானே? ஒரு ஸ்பூன் மட்டும் ஊற்றியிருக்கிறேன்.