புதுப்பிப்பு: இருதய மாற்றுக்கு முன் ஊதும் சோதனை, ஒரு திருத்தம்

“எஃப்இவி1 (நுரையீரல் திறனை அளக்கும் கருவியில் பலமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளியேறும் காற்று) குறைந்தால் இருதய மாற்று கிடையாது” என்று முந்தைய பதிவில் எழுதியது தவறு. சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்துக்குப் போகிறவர்கள் அதை நம்பி மனம் தளர வேண்டாம்.

இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கும்போது ஊதினால் எஃப்இவி1, எஃப்விசி (முழு மூச்சில் ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்று) இரண்டும் சேர்ந்தே இறங்கும். எஃப்இவி1-ஐ எஃப்விசியால் வகுத்து வரும் விகிதம் பெரும்பாலும் கெடாது. நீர் மாத்திரையில் வீக்கம் வற்றியபின் மறுபடி ஊதினால்தான் உண்மை தெரியும். விகிதமும் 0.7-க்குக் கீழே போனால் மூச்சுக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்கலாம். சிகரெட் மட்டுமல்ல, பல வருட விறகடுப்புப் புகையும் காரணமாகலாம். இதை டாக்டரிடம் சொல்ல நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

குறைந்தது மூன்று நல்ல ஊதல் வேண்டும். சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிலிட்டருக்குள். தயங்கி ஊதினாலோ, உதட்டோரம் காற்றுக் கசிந்தாலோ ஊதல் கெட்டுவிடும். ரொட்டி சானாயை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மூச்சுக்கு இழுக்கும் பம்ப்பை (இன்ஹேலர்) சோதனைக்கு முன் நிறுத்துவதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு போகிறது என்று பார்க்கும் வாயுப் பரிமாற்றச் சோதனையில் 10 விநாடி மூச்சடக்க வேண்டும். ரத்தச்சோகை இருந்தால் அளவு குறைவாகக் காட்டும், ஹீமோகுளோபினைக் கொண்டு திருத்துவார்கள். மாற்றுக்குப் பிறகு எஃப்விசி ஏறினாலும் இந்த வாயுப் பரிமாற்ற அளவு பலருக்குத் தாழ்ந்தே நிற்கும்.

இதைவிட முக்கியம் நுரையீரல் ரத்தக்குழாய்த் தடை, அதை ஊதிக் கண்டுபிடிக்க முடியாது. இருதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்திப் பார்க்கும் வடிகுழாய்ச் சோதனையில் அது 3 வுட் அலகுக்கு (இந்தத் தடையை அளக்கும் அலகு) மேல் இருந்தால், மருந்து கொடுத்து இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இறங்காவிட்டால் புது இருதயத்தின் வலப்பக்கம் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் திணறும்.