விதிமீறல் கட்டடம்: உள்ளாட்சி அசையாவிட்டால் அரசிடம் முறையிடலாமா?

கேள்வி (புறநகர்வாசி):
பக்கத்து மனையில் இரண்டு மாடிக்கு அனுமதி பெற்றவர், பக்கவாட்டு இடைவெளியே விடாமல் மூன்றாம் மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார். எழுத்து மூலம் புகார் அளித்ததும் உள்ளாட்சி அலுவலகத்தார் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மறுநாளே அதன்மேல் சிமென்ட் பூசப்பட்டுவிட்டது. இனி யாரை அணுகுவது?

பதில் (ஓய்வுபெற்ற திட்ட உதவியாளர்):
1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள் பணியை நிறுத்தவும் அகற்றவும் அதிகாரம் தருகின்றன. வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலருக்கு அனுமதி வரைபட நகலுடன் மனு அனுப்புங்கள். ஆனால் சீல் வைக்கப்பட்டால் உரிமையாளரும் 80-ஏ பிரிவின் கீழ் அதே அரசிடம் செல்லலாம். அம்மனு நிலுவையில் கிடக்கும் காலத்தில்தான் பல கட்டடங்களில் குடியேறிவிடுகிறார்கள் என்பது என் பெருங்கவலை. எனவே அந்த விசாரணையில் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கோருங்கள்.

பதில் (வழக்கறிஞர்):
அனுமதிப்படியே கட்டி முடிக்கப்பட்டது என்பதற்கான பணி நிறைவுச் சான்று சரிபார்க்கப்பட்ட பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்பு தர வேண்டும் என்றும், தவறிழைக்கும் அதிகாரிகள்மீது துறை நடவடிக்கை வேண்டும் என்றும் 17.12.2024 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழகத்தில் சிறு குடியிருப்புகளுக்கு அச்சான்றிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கைக் காட்டி இவர் சான்றின்றியே இணைப்பு கேட்கக்கூடும்; ஆகவே அனுமதியை மீறிய கட்டடம் இது என்பதை மின்வாரியத்துக்கு இப்போதே எழுதுங்கள்.

பதில் (கட்டுமானப் பொறியாளர்):
2014-இல் சென்னை அருகே மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். கூடுதல் மாடியின் பாரத்தை அஸ்திவாரம் தாங்குமா என்பதையும் மனுவில் கட்டாயம் கேளுங்கள்.