ஆங்கில அட்ஜெக்டிவ் ஃப்ரேஸ் எங்கே வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, ஆங்கில இலக்கணத்தில் ஒரு சந்தேகம். அட்ஜெக்டிவ் தனியாக வந்தால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கிறோம், முன்னால் 'வெரி' சேர்ந்தாலும் அப்படித்தான், 'எ வெரி ப்ரௌட் மதர்' சரி. ஆனால் 'ப்ரௌட் ஆஃப் ஹர் சன்' என்று பின்னால் நீண்டால் மொத்தமாகப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் போய்விடுகிறது: 'எ மதர் ப்ரௌட் ஆஃப் ஹர் சன்'. நமக்குத் தமிழில் 'தன் மகனை நினைத்துப் பெருமைப்படும் தாய்' என்று எவ்வளவு நீண்டாலும் முன்னால்தான் வரும், அதனால்தான் இந்த இடத்தில் தடுமாற்றம் வருகிறது என்று நினைக்கிறேன்.

இதுவரை புரிகிறது. குழப்புவது 'எ டிஃபரண்ட் ஐடியா ஃப்ரம் மைன்' மாதிரியானவை. 'டிஃபரண்ட்' முன்னால் நிற்க, 'ஃப்ரம் மைன்' மட்டும் பின்னால் போகிறது. 'ஆன் ஐடியா டிஃபரண்ட் ஃப்ரம் மைன்' என்பதும் சரிதானே? அப்படியானால் 'எ ப்ரௌட் மதர் ஆஃப் ஹர் சன்' என்று மட்டும் ஏன் பிரிக்க முடியவில்லை? எந்தெந்த அட்ஜெக்டிவ் இப்படிப் பிரியும் என்பதற்கு விதி இருக்கிறதா, இல்லை பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டுமா?

அப்புறம் 'அஸ்லீப்', 'அஃப்ரெய்ட்' இரண்டும். 'தி பேபி இஸ் அஸ்லீப்' சரி, 'ஆன் அஸ்லீப் பேபி' தவறு என்கிறார்கள். இப்படிப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராதவற்றின் பட்டியல் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். காரணத்தோடு விளக்கினால் இன்னும் நல்லது, மனப்பாடம் செய்தால் எனக்கு நிற்பதில்லை.