தடைக்காலத்தில் வயிற்று ஆபரேஷன்: ஜூன் 15 அப்பா தொழிலுக்குப் போகலாமா?

தங்கச்சிமடம் மகன்:
அப்பாவுக்கு 58 வயது, விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். குடலில் கட்டி, ஏப்ரல் கடைசியில் மதுரையில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, எப்படியும் படகு கரையில்தானே கிடக்கும், அதற்குள் தேறிவிடுவேன், தடை முடிந்ததும் ஏறிவிடலாம் என்கிறார். அத்தையோ ஒரு மாதம் படுக்கையை விட்டு எழவே கூடாது, மீனும் கருவாடும் கரப்பான் (புண்ணுக்கு ஆகாது), வாயில் வைத்தால் தையல் சீழ் பிடிக்கும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பீடியையும் அவர் விடவில்லை.

பிசியோ அக்கா, ராம்நாடு:
தம்பி, முதலில் பீடி. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்பாவது விட்டால் நெஞ்சுச் சளி, காயம் ஆறாமை இரண்டுமே குறையும். அப்புறம் மூச்சுப் பயிற்சியை இப்போதே பழக்குங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 441 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வந்தது. ஆபரேஷனுக்கு முன்பு ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம், பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் நுரையீரல் தொந்தரவு வந்தது, வெறும் கையேடு வாங்கிப் போனவர்களில் 27. மயக்கம் தெளிந்ததும் மெதுவாக, ஆழமாகப் பத்து மூச்சு, கொஞ்சம் விட்டு இன்னொரு பத்து, பிறகு இருமல். இருமும்போது தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடிக்க வேண்டும். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி கொடுத்தால் அதை ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும், வார்டில் பாதிப் பேர் ஊதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சர்ஜரி பிஜி (அறுவை சிகிச்சை மேற்படிப்பு டாக்டர்):
படுக்கையிலேயே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், குடலும் மந்தமாகும். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களிலேயே சீக்கிரம் எழுப்பி நடக்கவிட்டு, சீக்கிரம் சாப்பாடு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார், இன்று பல நாடுகளில் அதுதான் நடைமுறை. சீழ் கிருமியால் வருவது, மீனால் இல்லை. டாக்டர் சாப்பிடச் சொன்னதும் காரம் குறைத்து மீன் கொடுங்கள், காயம் ஆறப் புரதம் வேண்டும். சுகர் இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள்.

தொழில் விஷயத்தில் மட்டும் அப்பா கணக்கு சரியில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் 15 என்றால் ஏழு வாரம்கூட முழுசாக இல்லை. மேல்தோல் ஒட்டிவிடும், உள்தையல் மூன்று மாதம் ஆனாலும் பழைய பலத்தில் 80 சதவீதம்தான். 2015இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், வயிற்றை 5 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகத் தைத்த நோயாளிகளிலேயே 13 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தையல் இடத்தில் குடலிறக்கம், அகலமாகத் தைத்த நோயாளிகளில் 21.

மண்டபம் சம்மாட்டி (படகு உரிமையாளர்):
சர்ஜரி தம்பி சொல்வது சரி. என் போட்டில் ஒரு ஆள் இப்படித்தான் சீக்கிரம் வந்து ஐஸ் பெட்டியைத் தூக்கி, வயிறு புடைத்து மறுபடி ஆபரேஷனுக்குப் போனார். அப்பாவின் சம்மாட்டியிடம் இப்போதே பேசிவிடுங்கள், கரையில் வலை பின்னுகிற வேலை கொடுப்பார்.

தங்கச்சிமடம் மகன்:
நன்றி அக்கா, அண்ணன்களே. வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும்?

சர்ஜரி பிஜி:
காய்ச்சல், தையலில் சீழ் அல்லது திடீரென்று இளஞ்சிவப்பு நீர் கசிவது, ஓயாத வாந்தி, வயிறு உப்பி வாயு பிரியாமை, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல். இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.