ஈறு கெடுகிறது என்று உங்களுக்கு முதலில் காட்டியது எது?

பல் துலக்கித் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக இருக்கும். எனக்கு இரண்டு வருடம் இப்படியே போனது. பிரஷ்தான் குத்துகிறது என்று மென்மையானதாக மாற்றினேன். அப்புறம் ரத்தம் வரும் இடத்தைத் தொடாமலே துலக்கப் பழகிவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். ஈறோரம் அழுக்குப் படலம் தங்கியதால்தான் ரத்தமே வந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டதால் படலம் சேர்ந்து காரையாக இறுகிவிட்டது. இறுகிய காரை எந்தப் பிரஷுக்கும் அசையாது.

வலி ஒருநாளும் இல்லை, அதனால் மருத்துவரிடம் போகவும் தோன்றவில்லை. கீழ்ப்பற்கள் நீளமாகிவிட்டது போலத் தெரிந்தபோதுதான் போனேன். "பல் வளரவில்லை, ஈறு இறங்கியிருக்கிறது" என்றார். கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண் சொன்னார். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லையாம். எனக்குப் பல இடங்களில் 5, கடைவாயில் 6. எக்ஸ்ரேயில் எலும்பும் கரைந்திருந்தது. வீக்கமும் ரத்தமுமாக இருந்த கட்டத்திலேயே வந்திருந்தால் முழுதாகச் சரியாகியிருக்கும், கரைந்த எலும்பு தானாக வளராது என்று அவர் சொன்னபோது மனம் கனத்துப்போனது. வேர்வரை சுத்தம் செய்தார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். ரத்தம் நின்றுவிட்டது.

பதில் 1

நீங்கள் சொல்லும் ரத்தம் எனக்கு வரவே இல்லை. நான் அப்போது புகைபிடிப்பவன். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து அறிகுறியை மறைத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. வாய் நாற்றம் இருக்கிறது என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பல் ஆடியது. புகையை விட்ட சில வாரங்களில் ஈறில் ரத்தம் வந்தது, பயந்துவிட்டேன். ரத்த ஓட்டம் திரும்புகிறது, தைரியமாகத் துலக்குங்கள் என்றார் மருத்துவர். புகைபிடிக்கும் நண்பர்களே, ரத்தம் இல்லை என்பதை நம்பி இருக்காதீர்கள். ஒருமுறை பல் மருத்துவரிடம் போய் அந்தக் கம்பியால் அளக்கச் சொல்லுங்கள்.

பதில் 2

எனக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை ஈறில் சீழ் கட்டியது. முதல் இரண்டு முறையும் மாத்திரையோடு முடிந்தது. மூன்றாவது முறை வேறொரு பல் மருத்துவர், சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்ததே இல்லை. பரிசோதித்தால், மிக அதிகமாக இருந்தது. சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று ஏற்றிவிடும் என்று விளக்கினார். இப்போது இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் நடக்கிறது.