யுபிராஃப் ஸ்ட்ரக்ச்சரில் கூடுதலாக இரண்டு ஃபீல்டு எதற்கு?

கேள்வி:
4.4பிஎஸ்டி (யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) கர்னல் சோர்ஸ் படித்துக்கொண்டிருக்கிறேன். புரொகிராம் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் செலவிடுகிறது என்று அளக்கும் புரொஃபில் சிஸ்டம் காலுக்கு நாம் கொடுப்பது பஃபர், அளவு, ஆஃப்செட், ஸ்கேல், இவ்வளவுதான். ஆனால் கர்னல் அவற்றைக் குறித்துவைக்கும் யுபிராஃப் ஸ்ட்ரக்ச்சரில் பிஆர்_அட்ர், பிஆர்_டிக்ஸ் என்று இன்னும் இரண்டு. ராத்திரி முழுக்கப் பார்த்தும் பிடிபடவில்லை.

பதில்:
எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது! கடிகாரத்தின் ஒவ்வொரு டிக்குக்கும் வரும் கிளாக் இன்டரப்ட் வந்ததும், பிசியிலிருந்து (புரொகிராம் கவுன்டர், அதாவது அப்போது ஓடும் இன்ஸ்ட்ரக்‌ஷனின் முகவரி) ஆஃப்செட்டைக் கழித்து, ஸ்கேலால் பெருக்கி, 16 பிட் வலப்பக்கம் தள்ளினால் பஃபரில் எந்தக் கவுன்டரைக் கூட்டவேண்டும் என்று கிடைத்துவிடும். ஆனால் கவுன்டர் இருப்பது யூசர் மெமரியில். அந்தப் பேஜ் அப்போது ரேமில் இல்லாமல் இருக்கலாம். இன்டரப்ட்டுக்குள் அதற்காகக் காத்திருக்க முடியாது. அதனால் உடனே கூட்ட முடியாதபோது பிசியை பிஆர்_அட்ரிலும், சேர்க்கவேண்டிய டிக்கை பிஆர்_டிக்ஸிலும் குறித்துவைத்துவிட்டு, ப்ராசஸ் யூசர் மோடுக்குத் திரும்பும்போது கூட்டுகிறார்கள்.

கேட்டவர்:
இப்போது புரிகிறது, நன்றி! ஸ்கேல் 65536 என்றால்?

பதில்:
கோடில் ஒவ்வொரு 2 பைட்டுக்கும் ஒரு கவுன்டர். 32768 கொடுத்தால் 4 பைட்டுக்கு ஒன்று. அப்புறம், கவுன்டர் வெறும் 16 பிட், மறந்துவிடாதீர்கள். தன்னிடமே தாவும் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனை 100 ஹெர்ட்ஸில் ஓடவிட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட 11 நிமிடத்தில் நிரம்பி, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டது.