புது மானிட்டர் வந்தது, எழுத்து சிறுத்துப்போனது: உங்கள் அனுபவம் என்ன?

மெய்ப்பன்:
எங்கள் மெய்ப்புப் பிரிவில் 24 அங்குல மானிட்டர்களை எடுத்துவிட்டு 27 அங்குல 4கே (மிக நெருக்கமான ஒளிப்புள்ளிகள் கொண்ட) மானிட்டர்களை வைத்தார்கள். திரை பெரிதானது, எழுத்தோ பொடிப்பொடியாகிவிட்டது. 'ஒ'வா 'ஓ'வா என்று தெரியவில்லை. 'ன்' மேல் புள்ளி இருக்கிறதா என்று மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்து பார்த்தோம். அந்தப் புள்ளியைப் பார்ப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளமே.

காரணம் எளிய கணக்கு. விண்டோஸில் ஸ்கேலிங் (எழுத்தையும் படங்களையும் எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்ற அமைப்பு) 100 சதவீதம் என்றால் அங்குலத்துக்கு 96 பிக்சல், அதாவது திரையின் ஒளிப்புள்ளி, என்று பொருள். 12 பாயின்ட் எழுத்துக்கு 16 பிக்சல் கிடைக்கும். 1920×1080 பிக்சல் கொண்ட 24 அங்குலத் திரையில் உண்மையில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் இருக்கிறது. அதனால் அந்த 16 பிக்சல் 4.4 மில்லிமீட்டர் உயரம் பிடிக்கும். 3840×2160 கொண்ட 27 அங்குலத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 163 பிக்சல். அதே 16 பிக்சல் இரண்டரை மில்லிமீட்டரில் ஒடுங்கிவிடுகிறது.

பக்கத்து இருக்கை நண்பர் ரெசல்யூஷனை (திரைக்கு அனுப்பும் படத்தின் பிக்சல் எண்ணிக்கையை) 2560×1440 ஆகக் குறைத்தார். எழுத்து பெரிதானது, ஆனால் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் கலங்கியது. எல்சிடி திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை மாறாது. ஒரு பிக்சலுக்கான படத்தை ஒன்றரைப் பிக்சலில் பரப்பினால் விளிம்பு மங்காமல் என்ன செய்யும்? ரெசல்யூஷனைப் பழையபடி 3840×2160 ஆக்கி, ஸ்கேலிங்கை 150 சதவீதமாக வைத்தோம். 12 பாயின்ட் எழுத்துக்கு 24 பிக்சல் கிடைத்தது. 'ன்' மேல் உள்ள புள்ளி, புள்ளியாகவே தெரிந்தது! தயவுசெய்து யாரும் எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள்.

பேரேடு:
ஐயா, ஸ்கேலிங்கை ஏற்றிய பிறகுதான் எனக்குத் தொல்லையே தொடங்கியது. மற்றவை எல்லாம் பளிச்சென்று இருக்க, எங்கள் பழைய கணக்கு மென்பொருள் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. 3 எது, 8 எது என்று பிரித்தறிய முடியாமல் பேரேட்டில் உட்கார்ந்திருப்பது பெரும் வேதனை. அது 96 கணக்கை மட்டுமே அறிந்த மென்பொருள். விண்டோஸ் அதன் சாளரத்தை ஒரு படம்போல இழுத்துப் பெரிதாக்குகிறது. அந்த மென்பொருளின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், ஹை டிபிஐ (அங்குலத்துக்கான புள்ளிக் கணக்கு) அமைப்பில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்து தெளிந்துவிட்டது. 'அப்ளிகேஷன்' என்பதையும் வைத்துப் பார்த்தேன்; கூர்மையாக இருந்தாலும் எழுத்து மறுபடி எறும்பளவாகிவிட்டது.

வரைபலகை:
மடிக்கணினியோடு தனி மானிட்டரும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். என் மடிக்கணினி 14 அங்குலம், மானிட்டர் 24 அங்குலம், இரண்டும் 1920×1080தான். ஆனால் மடிக்கணினியில் அங்குலத்துக்கு 157 பிக்சல், மானிட்டரில் 92. ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாளரத்தை நகர்த்தினால் எழுத்தளவு தாவும். விண்டோஸ் 8.1 வந்த 2013 முதல் ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்கேலிங் வைக்கலாம். மடிக்கணினிக்கு 150, மானிட்டருக்கு 100 என்று வைத்ததும் இரண்டிலும் எழுத்து ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறது. மாற்றிய பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்; சில மென்பொருள்கள் அதுவரை பழைய அளவையே பிடித்துக்கொண்டிருக்கும்.

மெய்ப்பன்:
பேரேடு சொன்ன வழியை எங்கள் பழைய அகராதி மென்பொருளில் செய்து பார்த்தேன், பலித்தது. மிக்க நன்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்து தெரியவில்லை என்று எங்கள் பிரிவுத் தம்பி ஒருவர் கோப்பிலேயே 11 பாயின்டை 16 ஆக்கிவிட்டார். திரையில் நன்றாகத் தெரிந்தது. அச்சுக்குப் போனபோது வரிகள் எல்லாம் இடம்மாறி, பக்கங்கள் பெருகி, பொருளடக்கத்தில் பக்க எண் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வேர்டில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் திரைப் பார்வை மட்டும் பெரிதாகும். தாளில் 11 பாயின்ட் 11 பாயின்டாகவே விழும்.